மணலும் மின்சாரமும் பக்கத்துப் படகும்: ஒரு படகுத்துறை ஓடும் விதம்

கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மான்டரே விரிகுடாவின் வடக்குக் கரையில் இருக்கிறது சாண்டா குரூஸ். அந்த ஊரின் சிறு படகுத் துறைமுகத்தில் ஏறக்குறைய ஆயிரம் படகுகள் நிற்கின்றன. கோடைக்காலப் புதன்கிழமை மாலைகளில் பந்தயம் ஓடும் பாய்மரப் படகுகள், சால்மனும் நண்டும் பிடிக்கிறவர்களின் படகுகள், கட்டிய கயிற்றை அவிழ்த்து வருஷக்கணக்கான படகுகள் என எல்லாம் கலந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மிதவை நடைமேடைகளுக்கு நடுவே ஓர் இடம் உண்டு. அதை ஸ்லிப் என்கிறார்கள். அதற்கு மாத வாடகை.

வாடகை கட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு நீள்சதுரத் தண்ணீர்தான். 'இதற்கா இவ்வளவு பணம்?' என்று கேட்காத படகுக்காரரைப் பார்ப்பது அரிது. அதோடு கையில் ஒரு விதிப்புத்தகத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். காப்பீட்டுப் பத்திரம் காட்டு, ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போகாதே, நடைமேடையில் பெயிண்ட் சுரண்டாதே என்று பக்கம் பக்கமாகப் போகும். படிக்க எரிச்சல்தான். ஆனால் ஒவ்வொரு விதியாக ஏன் வந்தது என்று தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே காரணத்தில் போய் நிற்கும். இங்கே ஒருவரின் அலட்சியத்துக்கு வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வாடகை எங்கே போகிறது என்று பார்க்கலாம். சாண்டா குரூஸில் அதில் ஒரு பெரிய பங்கை விழுங்குவது மணல்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைதான் அங்கே கடலுக்குள் இரண்டு கற்சுவர்களைக் கட்டி, பழைய கழிமுகம் ஒன்றைத் துறைமுகமாக்கியது. 1964இல் துறைமுகம் திறந்தது. அந்தக் கடலோரத்தில் அலை மணலை மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளிக்கொண்டே போகும். குறுக்கே சுவர் வந்ததும், மேற்குப் பக்கம் மணல் குவிந்து சீபிரைட் கடற்கரை அகலமானது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினா கடற்கரை அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதே கதைதான். சாண்டா குரூஸில் சுவர் ஓரம் நிரம்பிய பிறகு, மணல் சுவரின் முனையைச் சுற்றிக்கொண்டு துறைமுக வாயிலுக்குள் இறங்க ஆரம்பித்தது. குளிர்காலப் புயல்கள் வந்தால் வாயில் அடைபட்டுப்போகும். உள்ளே நிற்கும் படகு வெளியே போக முடியாது, வெளியே இருப்பது உள்ளே வர முடியாது.

ஆரம்பத்தில் ராணுவப் பொறியாளர்களே ஆள் வைத்துத் தூர்வாரினார்கள். 1986இலிருந்து அந்தப் பொறுப்பு துறைமுக நிர்வாகத்தின் தலையில். அதற்கென்று சொந்தமாகத் தூர்வாரும் கப்பல் வைத்திருக்கிறார்கள். 30 வருஷம் உழைத்த பழையதை மாற்றி, 2016இல் 'ட்வின் லேக்ஸ்' என்ற புதியது வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சராசரியாக இரண்டரை லட்சம் கன கெஜம் அளவில் மணலை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கிழக்குப் பக்கக் கடற்கரைக்குத் தள்ளுகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் அதே அளவு மணல் வந்து நிற்கும். உள்ளே ஒரு 25 அடிப் படகு வைத்திருப்பவர், மாதத்துக்கு ஒரு தடவைகூடக் கடலுக்குப் போகாதவராக இருந்தாலும், இந்த வேலைக்குத் தன் பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்தப் பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நீளத்தை வைத்து, அடிக்கு இவ்வளவு என்று. பொதுவான வழக்கம் இது: படகின் நீளம், ஸ்லிப்பின் நீளம், இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் வாடகை. 30 அடிப் படகை 40 அடி ஸ்லிப்பில் நிறுத்தினால் 40 அடிக்குக் கட்ட வேண்டும். சண்டை வருவது மறுமுனையில். 'என் படகு 34 அடி' என்று பதிவுப் பத்திரத்தைக் காட்டுவார் உரிமையாளர். நிர்வாகத்தின் ஆள் டேப்பைப் பிடித்து அளந்தால் 38 வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரம், பின்னால் தொங்கும் மோட்டார், நீச்சலுக்கான படிமேடை எல்லாம் அதில் அடக்கம். இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் எதிரெதிர் ஸ்லிப்புகளுக்கு நடுவே படகுகள் திரும்புவதற்கு ஒரு சந்து இருக்கிறது. ஒவ்வொருவரும் நான்கடி நீட்டிக்கொண்டால், காற்றடிக்கும் நாளில் அந்தச் சந்தில் படகைத் திருப்புகிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பொதுத் துறைமுகங்களில் வாடகையைவிடப் பெரிய தகராறு காத்திருப்போர் பட்டியல்தான். சாண்டா குரூஸில் சில அளவு ஸ்லிப்புகளுக்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் பெயர் நிலைக்க வருடா வருடம் கட்டணம் உண்டு. ஸ்லிப் என்பது உரிமையாளருக்குச் சொந்தமான மனை கிடையாது, ஓர் உரிமம் மட்டுமே. படகை விற்றால் ஸ்லிப் அதோடு போகாது. ஆனால் ஸ்லிப்போடு சேர்த்து விற்றால் ஓட்டைப் படகுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் வாங்குகிறவரைக் காகிதத்தில் 'பங்குதாரர்' ஆக்கிவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் பழையவர் மெல்ல நழுவிக்கொள்ளும் வித்தை பல துறைகளில் நடக்கிறது. இதைத் தடுக்கத்தான் பங்குதாரர் சேர்ப்புக்குக் கட்டுப்பாடும், படகு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்ற ஆவணச் சோதனையும். நிர்வாகம் இதில் கண்டிப்பாக இருப்பதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பொதுப்பணத்தில் கட்டிய துறைமுகத்தில், வரிசையில் பதினைந்து ஆண்டு நின்றவரைத் தாண்டிப் பணமுள்ளவர் உள்ளே போவது பச்சைத் திருட்டு.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர் போகிற விஷயம் அது.

ஒவ்வொரு ஸ்லிப்புக்கும் நடைமேடையில் ஒரு சிறு தூண் இருக்கும். அதில் குடிநீர்க் குழாயும், முறுக்கிப் பூட்டும் மின் இணைப்பும் உண்டு. சிறு படகுகளுக்கு 30 ஆம்பியர், பெரியவற்றுக்கு 50. தடித்த மஞ்சள் வயர் ஒன்று அங்கிருந்து படகுக்குப் போகும். படகுக்குள் இருக்கும் வயரிங் சரியில்லை என்றால், மின்சாரம் வந்த வழியே திரும்பாமல் தண்ணீருக்குள் கசியும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கசிவு மனிதனைச் சுற்றிக்கொண்டு போய்விட வாய்ப்பு அதிகம். ஏரி, ஆறு போன்ற நன்னீரில் நிலைமை தலைகீழ். அங்கே தண்ணீரைவிட மனித உடல் நல்ல கடத்தி. அதனால் மின்சாரம் உடல் வழியே போகும். 10, 15 மில்லி ஆம்பியர் போதும், கைகால் மரத்து நீந்த முடியாமல் போய்விடும். ஆள் சத்தமில்லாமல் மூழ்குவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி. பிரேதப் பரிசோதனையில் வெறும் நீரில் மூழ்கிய சாவாகவே தெரியும் என்பதால், இது எத்தனை பேரைக் கொன்றது என்ற கணக்கே சரியாக எழுதப்படுவதில்லை. படகுகள் நிற்கும் இடத்தில் நீந்தக் கூடாது என்ற பலகையை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

இதனால்தான் அமெரிக்காவின் தேசிய மின் விதிமுறை, படகுத்துறைகளுக்கான பகுதியை இறுக்கிக்கொண்டே வருகிறது. 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் 100 மில்லி ஆம்பியர் கசிந்தால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்றார்கள். 2017இல் அதை 30 ஆக்கினார்கள். நம் வீடுகளில் மாட்டும் இ.எல்.சி.பி. செய்யும் அதே வேலைதான். ஆனால் இதன் விளைவு துறையில் வேறு விதமாக வெடித்தது. புதிய தூண்கள் வைத்த இடங்களில் பழைய படகுகள் பிளக்கைச் செருகியவுடனே 'டப்' என்று இணைப்பு போய்விடும். 'பத்து வருஷமாக நன்றாக ஓடியது, நீங்கள் மாற்றிய தூண்தான் கோளாறு' என்று உரிமையாளர் அலுவலகத்துக்கு வந்து நிற்பார். இதற்கு வாக்குவாதம் தேவையே இல்லை. ஒரு கிளாம்ப் மீட்டரை அந்த மஞ்சள் வயரைச் சுற்றிப் பிடித்தால் போதும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருந்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். எண் ஏதாவது வந்தால், அந்த அளவு தண்ணீருக்குள் போகிறது என்று பொருள். அவர் கண்ணெதிரிலேயே அதைக் காட்டுகிற மேலாளர், விதிப்புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறவரைவிட நூறு மடங்கு நல்ல சேவை செய்கிறார்.

இதே வயரில் இன்னொரு வம்பும் இருக்கிறது. அதிலுள்ள எர்த் கம்பி, கரையில் செருகியிருக்கும் எல்லாப் படகுகளின் நீரடி உலோகங்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். வெண்கலம் ஒரு படகில், அலுமினியம் இன்னொரு படகில். முழு வரிசையும் ஒரு பேட்டரியாக மாறிப்போகிறது. இந்த அரிப்பைத் தாங்குவதற்கென்றே படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளை மாட்டியிருப்பார்கள். நீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறி அரிக்கப்படாமல், அதற்குப் பதிலாக அந்தக் கட்டி கரையும். பக்கத்துப் படகுக்காரர் தன் கட்டியை மாற்றாமல் விட்டால், உங்கள் கட்டி அவருக்கும் சேர்த்துக் கரைகிறது. ஒரு வருஷம் வர வேண்டியது இரண்டே மாதத்தில் காணாமல் போனால், சந்தேகப்பட வேண்டியது அக்கம்பக்கத்தைத்தான். எர்த் வழியில் மாட்டும் தடுப்புக் கருவி ஒன்று கடையில் கிடைக்கிறது. புதிதாக ஸ்லிப் எடுக்கிறவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான் என்பேன்.

நல்ல துறைகளில் ஊழியர் ஒருவர் தினமும் காலையில் நடைமேடை நடைமேடையாக நடந்து வருவார். வேடிக்கை பார்ப்பதுபோல் இருக்கும். அவர் பார்ப்பது படகின் பக்கவாட்டில் உள்ள நீர்மட்டக் கோடு நேற்றைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று. அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் விட்டு விட்டு ஓடினால் சரி. நிற்காமல் ஓடினால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, பேட்டரி தீர்ந்த அன்று இரவு படகு அடியில் போய்விடும். பிளக் செருகிய இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் தீப்பிடிப்பதற்கு முந்தைய நிலை. கயிறு உரசும் இடத்தில் நூல் பிரிந்திருந்தால் அடுத்த புயலில் அது அறும், அறுந்த படகு பக்கத்துப் படகை இடித்துத் தள்ளும். ஒரு படகு தீப்பிடித்தால் கண்ணாடியிழையும் பெட்ரோலும் சேர்ந்து வரிசையே போகும் என்பதால், ஆளில்லாத படகில் ஹீட்டர் கூடாது என்ற விதியில் மட்டும் யாருக்கும் சலுகை தரக் கூடாது. இந்த நடைக்குச் செலவு ஒருவரின் ஒரு மணி நேரச் சம்பளம். ஆள் குறைப்பு என்று வரும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுவாகவே இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கழிவறைக் கழிவு பற்றிச் சட்டம் தெளிவு. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக் கூடாது. படகின் தொட்டியில் சேர்த்து, துறையிலுள்ள உறிஞ்சும் குழாயில் காலி செய்ய வேண்டும். இந்தக் குழாய் வசதிகளை அமைக்க 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் மத்திய அரசு 75 விழுக்காடு வரை பணம் தருகிறது. ஆகவே 'குழாய் ரிப்பேர்' என்று மாதக்கணக்கில் பலகை தொங்கவிடும் துறைக்குச் சாக்கு எதுவும் கிடையாது.

பெயிண்ட் விவகாரம் இன்னும் சிக்கலானது. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கத் தாமிரம் கலந்த பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்தத் தாமிரம் மெல்ல மெல்லக் கரைந்தால்தான் பெயிண்ட் வேலை செய்யும். திறந்த கடலில் அது கலைந்துவிடும். நீரோட்டம் குறைந்த துறைக்குள்ளே ஆயிரக்கணக்கான படகுகளிலிருந்து கரைந்து தங்கிவிடுகிறது. சான் டியாகோவின் ஷெல்டர் ஐலண்ட் துறையில் இதை 76 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2005இல் உத்தரவு வந்தது. 2018 ஜூலை முதல் கலிபோர்னியா மாநிலம் பெயிண்டிலிருந்து தாமிரம் கரையும் வேகத்துக்கே உச்சவரம்பு வைத்துவிட்டது. அடியைத் தேய்த்துக் கழுவ வரும் முக்குளிப்பவர்கள் முரட்டுப் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்தால் தாமிரம் மேகம்போல் கிளம்பும். அதனால்தான் மெல்லிய துணியால் தேய்க்கச் சொல்லும் விதிகள்.

படகிலேயே குடியிருப்பவர்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மொத்த இடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் குடியிருப்புப் படகுகள் கூடாது என்பது அங்குள்ள விரிகுடா ஆணையத்தின் கொள்கை. பொது நீர்ப்பரப்பு வீட்டுமனையாக மாறிவிடக் கூடாது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு படகு மூழ்குவதை முதலில் கவனிப்பவர் அங்கே தூங்குகிறவர்தான். வாடகை வீட்டுக்கு வழியில்லாமல், அனுமதியும் இல்லாமல் ஒளிந்து குடியிருப்பவர்களைக் கலிபோர்னியாவின் வீட்டு விலை உருவாக்குகிறது. அவர்களைப் பிடிக்கும் வேலை மட்டும் படகுத்துறை ஊழியருக்கு வந்து சேர்கிறது.

மேலாளர்களைக் கேட்டால் உண்மையான தலைவலியாகச் சொல்வது கைவிடப்பட்ட படகுகளை. 1960களிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வந்தன. மரப்படகு மக்கி மறையும், இவை மக்குவதில்லை. முதல் உரிமையாளர் அனுபவித்து விற்றார், நாலாவது உரிமையாளர் சில நூறு டாலருக்கு வாங்கினார். என்ஜின் நின்றது, வாடகை பாக்கி விழுந்தது, போனை எடுப்பதில்லை. அமெரிக்கக் கடல்சார் சட்டப்படி வாடகை பாக்கி அந்தப் படகின் மேலேயே கடனாக ஏறும். நீதிமன்றத்துக்குப் போனால் அரசின் மார்ஷல் வந்து படகை 'கைது' செய்வார், பிறகு ஏலம். ஆனால் இதற்கான செலவே படகின் மதிப்பைத் தாண்டிவிடும். ஏலத்தில் எடுக்கவும் ஆள் வராது. உடைத்துக் குப்பைக்கு அனுப்புவதற்கு ஆயிரக்கணக்கான டாலர். அதற்குள் மூழ்கிவிட்டால் அதைப்போலப் பல மடங்கு, டீசல் கசிவு தனி. கலிபோர்னியா அரசு இதற்கு நல்ல வழி ஒன்று வைத்திருக்கிறது. பராமரிக்க முடியாதவர் படகை அரசு உதவி பெறும் உள்ளூர் அமைப்பிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிடலாம். மூழ்கிய பிறகு தூக்குவதைவிட மிதக்கும்போதே வாங்கி உடைப்பது எவ்வளவோ மலிவு. பாக்கி மூன்றாவது மாதம் ஆகும்போதே உரிமையாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொல்கிற மேலாளர் எல்லோருக்கும் பணம் மிச்சம் செய்கிறார். 2023லும் 2024லும் கலிபோர்னியாவில் சால்மன் மீன்பிடிப்பு முழுவதுமாக நிறுத்தப்பட்டது. வருமானம் நின்றாலும் அந்த மீனவர்களுக்கு ஸ்லிப் வாடகை ஓடிக்கொண்டுதான் இருந்தது. வம்புக்காரரையும் நொடித்துப்போனவரையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை இந்த வேலைக்கு அவசியம்.

இயற்கை கொடுக்கும் அடி தனிக்கணக்கு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் நிலநடுக்கத்தின் சுனாமி பசிபிக்கைக் கடந்து சாண்டா குரூஸ் துறைக்குள் புகுந்தது. சுவர்போன்ற அலையாக வரவில்லை. காட்டாற்று வெள்ளம்போல உள்ளே பாய்ந்து, உடனே வெளியே இழுத்து, மணிக்கணக்காக அதையே திரும்பத் திரும்பச் செய்தது. நடைமேடைகள், அவற்றைப் பிடித்து நிறுத்த நீருக்குள் நட்டிருக்கும் தூண்களிலிருந்து பிய்ந்து, படகுகளோடு சேர்ந்து பாலத்தடியில் குவிந்தன. புதிதாகக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆயின. நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் வந்தபோது பாடம் வேறு. மிதவை நடைமேடைகள் நீரோடு சேர்ந்து உயர்ந்தன, தூண்களின் உயரம் போதவில்லை, தூண் தலையைத் தாண்டி மேடைகள் படகுகளோடு மிதந்து போய்விட்டன. அந்தப் புயலில் 65,000க்கு மேற்பட்ட படகுகள் சேதமடைந்ததாகப் படகு உரிமையாளர் சங்கமான போட்யூஎஸ் மதிப்பிட்டது. புதிதாகத் துறை கட்டுகிறவர்களிடம் தூண் என்ன உயரம் என்று கேட்க வேண்டியது இதனால்தான். ஃபுளோரிடாவில் இன்னொரு விதமான தெளிவு: புயல் எச்சரிக்கை வந்த பிறகு 'படகை எடுத்துக்கொண்டு போ' என்று துறை நிர்வாகம் கட்டாயப்படுத்துவதை அங்கே சட்டமே தடுக்கிறது. சொத்தைவிட உரிமையாளரின் உயிர் பெரிது என்ற நிலைப்பாடு அது.

இவ்வளவு செலவையும் பார்த்துவிட்டு, பெரிய படகுகளின் பக்கம் சாய்வது நிர்வாகங்களுக்கு எளிதாகிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, சொந்தமான மெரினா டெல் ரே படகுத்துறை 1965இல் பொதுமக்களின் படகுகளுக்கென்றே திறக்கப்பட்டது. நிலத்தையும் நீரையும் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த தனியார்கள் அதை நடத்துகிறார்கள். பழைய நடைமேடைகளை மாற்றும்போதெல்லாம் மொத்த இடங்கள் குறைகின்றன. படகுகள் திரும்பும் இடைவெளியை அகலமாக்க வேண்டும், சக்கர நாற்காலி போகும்படி சாய்வுப்பாதை வேண்டும் என்ற நியாயமான காரணங்கள் உண்டு. கூடவே நான்கு சிறிய ஸ்லிப்புகள் இருந்த இடத்தில் இரண்டு பெரியவை முளைப்பதும் நடக்கிறது. பள்ளி ஆசிரியரோ தச்சரோ வைத்திருக்கும் 22 அடிப் பாய்மரப் படகு முதலில் வெளியே போகிறது.

சாண்டா குரூஸில் இதைத் தடுக்க மக்களுக்கு ஒரு கதவாவது இருக்கிறது. வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் ஆணையம் பொதுக்கூட்டத்தில்தான் வாடகையை உயர்த்த முடியும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். தூர்வாரச் செலவு என்ன, நடைமேடைகளை மாற்ற எவ்வளவு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் பொது ஆவணம். தனியார் துறையில் ஸ்லிப் எடுக்கிறவர் கையெழுத்துப் போடும் முன்னால் கேட்க வேண்டியதும் இதே கணக்கைத்தான். அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் மாதத்துக்கு மாதம் ஓடுகிறது. முப்பது நாள் நோட்டீஸில் இடத்தைக் காலி செய்யச் சொல்ல முடியும்.